மூச்சைப் பிடியுங்கோ

கஸ்தூரியார் வீதிக் கடையில்
அடுத்தடுத்த ஆணிகளில் தொங்குகின்றன இரண்டு கிற்றார்களும்.
வாசலில் நின்று பார்த்தால் ஒருதாய்ப் பிள்ளைகள்.
நெஞ்சில் அதே இரண்டு நெளிந்த துளைகள்,
அதே பழுத்த பனம்பழ நிறம்.
பக்கவாட்டில் திருப்பினால்தான் தெரியும்
ஒன்று மெலிவு.
மற்றது நாலு விரல் தடிப்பு,
மடியில் வைத்தால் முழங்கை மேலே போய்விடுகிறது.

சீட்டெடுத்த காசு கைப்பையில்.
ஒன்றுக்குத்தான் காணும்.

கஜரூபன் சொல்கிறான்,
"மெல்லிசுக்கு நடுவால கட்டை ஓடுது அக்கா.
கழுத்தடியில இருந்து வால்மட்டும்.
ரெண்டு பக்கமும்தான் கோறை.
தடிச்சதுக்கு உள்ளுக்கு ஒண்டுமில்லை."

அந்த ஒண்டுமில்லையை
அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
பதினொரு வருசமாய்
ஆட்களின் நெஞ்சைத் தட்டோடு சாய்த்து
"மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, அசையாதேங்கோ"
என்று சொல்லிச் சம்பளம் எடுக்கிறவள்.
படத்தில் காற்று கறுப்பாய் விழும்.
நிறையக் கறுப்பென்றால் டொக்டர் பேசாமல் அடுத்த படத்துக்குப் போவார்.
ஒண்டுமில்லாத இடத்தில்தான்
ஆள் உயிரோடு இருக்கிறார்.

ஆனாலும் தை மாதம் பாசையூரில் ஒரு கலியாணம்.
இரவல் வாங்கிய தடிச்ச கிற்றார்,
கால் நீட்டினால் இடிக்கிற மேடை,
கெண்டைக்காலில் முட்டிக்கொண்டு அம்ப்.
றெக்ஸன் ட்ரம்ஸை அடிக்கத் தொடங்க
நான் நரம்பில் கை வைக்கவில்லை,
அது ஊளையிட்டது.
தான் சொன்னதைத் தானே கேட்டு
கேட்டதை இன்னும் உரத்துச் சொல்லி
அதையும் கேட்டு.
மாப்பிள்ளையின் தாய் காதைப் பொத்தினா.
சுவக்கீன் பாட்டை நடுவில் விட்டுவிட்டு
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
அந்தப் பார்வைக்கு இன்னும் வட்டி கட்டுகிறேன்.

"அதுக்கு வழியிருக்கு" என்று
லாச்சியைத் திறக்கிறான் கஜரூபன்.
மஞ்சள் ஸ்பொஞ்ச், துளையின் அளவுக்கே வெட்டியது.
"ரெண்டிலயும் அடைச்சுவிட்டா சத்தம் போடாது."

கையில் வாங்கிப் பார்த்தேன்.
பாரமே இல்லை.
வாய்க்குள் துணி அடைக்கிறதை
இந்த ஊரில் நான் காசு குடுத்துச் செய்விப்பேனா?
"வேண்டாம்" என்றேன்.
கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போல,
அவன் லாச்சியைச் சாத்தினான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
காற்றாடி நாலு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.
இருட்டில் மெல்லிசை எடுத்து மீட்டினேன்.
அடுத்த வீட்டில் அரிசி புடைக்கிற மாதிரி.
தடிச்சதை மீட்டினேன்.
எதிர்க்கடை மருந்துக்காரர் தலையை நீட்டி
எங்களைப் பார்த்தார்.

அதையே எடுத்திருக்கலாம்.
இந்தக் கவிதையும் அதைத்தான் எடுக்கச் சொல்கிறது.

நான் மெல்லிசைத் தூக்கி
கண்ணாடிக் கதவின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்
துளைக்குள் போனின் டோர்ச்சை அடித்தேன்.
நடுவில் வெளிறிய மரம், மேலிருந்து கீழ்வரை.
அதன் இரு பக்கமும் கறுப்பு.
தினமும் நாற்பது தரம் பார்க்கிற படம்.
இடம் மாறாத எலும்பு, இரண்டு சுவாசப்பை.
மூச்சைப் பிடிக்கவும் தெரிந்த நெஞ்சு.

சனிக்கிழமை எனக்குப் பின்னால்
அதே அம்ப், அதே றெக்ஸன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
இரவு வேலை முடித்துத் தூங்குகிற நேர்ஸ்.

எண்ணி வைத்தேன், ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
"மற்றதுக்குள்ள ஒண்டும் அடையாதை" என்றேன்,
"மாசியில அடுத்த சீட்டு."
"அதுக்கிடையில ஆரும் கேட்டா?" என்றான்.
பதில் சொல்லவில்லை.

ஸ்கூட்டியில் கால்களுக்கிடையே பெட்டி நிற்கவில்லை.
முதுகில் கட்டிக்கொண்டு
ஆஸ்பத்திரி வீதிக் குழிகளில் ஏறி இறங்க,
பெட்டிக்குள் நரம்புகள்
மெல்ல முனகுவது
முதுகெலும்பில் கேட்டது.